பெயர் கூறாத சாட்சி

அன்புள்ள தம்பிக்கு,

பெயரை வெளியிடலாகாதென்ற நிபந்தனையுடன் ஓர் அதிகாரி கூறிய விஷயத்தை மேலும் இருவர் ஆமோதித்துவிட்டபடியால் பிரசுரிக்கலாமல்லவா என்று கேட்டிருக்கிறாய். அவர்கள் நேரில் அறிந்தவர்களா, ஒருவர் வாயிலிருந்து மற்றவர் கேட்டவர்களா என்பதை நீ எழுதவில்லை. விசாரணை அங்கேதான் ஆரம்பமாக வேண்டும்.

அமெரிக்காவின் வாட்டர்கேட் விவகாரத்தில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகை அடைந்த கீர்த்தியை யாவரும் உனக்குச் சொல்லியிருப்பார்கள். நானோ 1972 அக்டோபர் 25-ல் அப்பத்திரிகை வெளியிட்ட ஒரு செய்தியை நீ ஊன்றிப் படிக்க வேண்டுமென்பேன். ஜனாதிபதி நிக்ஸனின் வலக்கரமாக விளங்கிய ஹால்டிமனுக்கு ரகசிய நிதியின்மீது அதிகாரம் இருந்ததென்று, தேர்தல் நிதிக்குழுவின் பொக்கிஷதாராயிருந்த ஹியூ ஸ்லோன் கிராண்ட் ஜூரியின் முன் சாட்சியம் அளித்ததாக அது கூறிற்று. அச்சேறுவதற்கு முன், நிருபர் கார்ல் பெர்ன்ஸ்டைன் நீதி இலாகா வக்கீல் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, தாம் பத்து வரை எண்ணப்போவதாகவும், செய்தியில் பிழையிருந்தால் அதற்குள் அவர் பேசியைக் கீழே வைத்துவிடலாமென்றும் சொல்லி எண்ணத் தொடங்கினார். வக்கீலோ அந்த ஏற்பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டு, கடைசிவரை பேசியைக் கையிலேயே வைத்திருந்தார். மௌனம் சம்மதமென்று கொள்ளப்பட்டது. செய்தி வெளிவந்ததும் ஸ்லோனின் வக்கீல் அதை அடியோடு மறுத்தார். ஹால்டிமனுக்கு அந்த அதிகாரம் இருந்தது மெய்யே. ஆனால் ஜூரியின் முன் ஸ்லோன் அதைச் சொல்லவில்லை, ஏனெனில் அவரை எவரும் அதைக் கேட்கவில்லை. விஷயம் மெய்யாயிருந்தும், அதை அறிந்த வழி பொய்யாய்ப் போனதால், எதிரிகளுக்கு எவ்வளவு பெரிய ஆயுதம் கிடைத்தது, பார்!

நோக்கத்தையும் ஆராய வேண்டும். ஆனால் சுயநலமுள்ளவன் சொல்வதெல்லாம் பொய்யென்று முடிவுகட்டுவது விவேகமன்று. அதே விவகாரத்தில் திரைமறைவிலிருந்து உதவியவர் எஃப்.பி.ஐ.யில் இரண்டாம் ஸ்தானம் வகித்த மார்க் ஃபெல்ட் என்பது 2005-ல் வெளியாயிற்று. அதன் தலைவர் ஹூவர் மறைந்தபின் அப்பதவி தமக்கு வராமற்போன மனத்தாங்கல் அவருக்கு இருந்திருக்கலாம், எனினும் அவர் காட்டிய திசை சரியானதே.

இதற்கு நேர்மாறானது, 2002 செப்டம்பர் 8-ல் இராக்கின் அலுமினியக் குழாய்களைப் பற்றி ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளியிட்ட செய்தி. பெயர் சொல்லாத அதிகாரிகள், அவை அணுகுண்டு முயற்சிக்கானவை என்றார்கள். அன்றைக்கே உபஜனாதிபதி செய்னி தொலைக்காட்சியில் அச்செய்தியையே எடுத்துக்காட்டிப் பேசினார். அரசாங்கத்தின் குரலே, பத்திரிகையின் வாயிலாகச் சுற்றி, அரசாங்கத்துக்கே அத்தாட்சியாகத் திரும்பிற்று.

ஆகையால், தம்பி, பெயரை மறைப்பது அவசியமானால் மறைத்துவிடு. ஆனால் அந்த மனிதர் அதை அறியக்கூடிய ஸ்தானத்தில் எப்படி இருந்தார், அது வெளிவருவதால் அவருக்கு என்ன லாபம் என்பதை வாசகருக்குச் சொல்லிவிடு. அதற்கும் அவர் இசையவில்லையென்றால் அச்செய்தியைப் பிரசுரிக்காதே.