வெள்ளோட்டம்

புதிதாகச் செய்த தேரை விழா நாளன்றே முதன்முதலாக வீதிக்குக் கொண்டுவருவார் ஒருவரும் இலர். தச்சர் தம் வேலையை முடித்த பின்னர், திருவுருவை எழுந்தருளச் செய்யாமல் தேரை மட்டும் இழுத்துப் பார்ப்பது வழக்கம். அச்சுப் பாரம் தாங்குகின்றதா, சக்கரம் சீராக உருள்கின்றதா, முட்டுக்கட்டை இட்டால் தேர் நிற்கின்றதா, வீதி முனையில் இடரின்றித் திரும்புகின்றதா என்பன எல்லாம் அப்போது விளங்கிவிடும். இதனை வெள்ளோட்டம் என்பர். திருவாரூர் ஆழித்தேர் புதுப்பிக்கப்பெற்ற பின் 2015ஆம் ஆண்டில் இவ்வாறு வெள்ளோட்டம் விடப்பெற்றது. குறை இருப்பின் அது வெள்ளோட்டத்தில் வெளிப்பட வேண்டும். மக்கள் திரண்ட விழாவில் வெளிப்படலாகாது என்பதே இவ்வழக்கின் கருத்தாகும்.

இவ்வறிவு தேருக்கு மட்டும் உரியதன்று. இக்காலத்தில் கணினியின் வாயிலாக நடைபெறும் இணையச் செயலிகளுக்கும் இது பொருந்தும். முன்னாளில் ஒரு செயலியை இயற்றுதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டியிருந்தது. இந்நாளிலோ, வேண்டுவதைச் சொற்களால் எடுத்துரைத்தால் செயற்கை நுண்ணறிவுப் பொறியே நிரல் எழுதித் தருகின்றது. பள்ளி மாணவர் ஒருவரும் ஒரு பிற்பகற்பொழுதில் ஒரு செயலியை உருவாக்கிவிட இயலும். ஆயினும், விரைவிற் கட்டிய வீடெல்லாம் உறுதியான வீடாகிவிடுவதில்லை. பிறர் எழுதித் தந்த நிரலில் எங்கே குறை உள்ளது என்பதை எழுதுவித்தவர் அறியார். ஆதலின், இத்தகைய செயலிக்கு வெள்ளோட்டம் மிகவும் இன்றியமையாதது. அதனை எவ்விடத்தில் விடுவது, எவற்றைக் கொண்டு விடுவது என்னும் இரண்டும் ஈண்டு ஆராயத்தக்கன.

தரவுத்தளம்

செயலி ஒன்றில் கண்ணுக்குத் தோன்றும் பகுதி உண்டு. தோன்றாப் பகுதியும் உண்டு. திரையில் விளங்கும் படமும் எழுத்தும் பொத்தானும் தோன்றும் பகுதியாம். அவற்றின் பின்னே செய்திகளைச் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியம் தோன்றாப் பகுதியாம். அக்களஞ்சியத்திற்குத் தரவுத்தளம் என்பது பெயர்.

பள்ளி நூலகம் ஒன்றிற்குச் செயலி அமைப்பதாகக் கொள்வோம். அதன் தரவுத்தளத்தில் மூன்று அட்டவணைகள் வேண்டும். முதல் அட்டவணையில் நூல்களின் பெயரும், ஆசிரியர் பெயரும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய எண்ணும் இருக்கும். இரண்டாம் அட்டவணையில் மாணவரின் பெயரும், வகுப்பும், அவர்க்குரிய எண்ணும் இருக்கும். மூன்றாவது இரவல் அட்டவணை. அதில் நூலின் பெயரையும் மாணவரின் பெயரையும் மீண்டும் எழுதுவதில்லை. நூலெண், மாணவர் எண், கொடுத்த நாள், திரும்பிய நாள் ஆகியவற்றை மட்டுமே குறிப்பர். மாணவர் ஒருவர் எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பிற்குச் சென்றால், அவருடைய வகுப்பை ஓரிடத்தில் மாற்றினாற் போதும். அவர் எடுத்த நூல்கள் அனைத்தும் அவர் எண்ணோடு இணைந்தே நிற்கும்.

அட்டவணைகளை இவ்வாறு ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் நெறியை வகுத்தவர் எட்கர் காட் என்னும் அறிஞர். இங்கிலாந்திற் பிறந்த இவர், அமெரிக்க நாட்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தில் பணியாற்றியவர். தம் கொள்கையை 1970ஆம் ஆண்டு ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 1974ஆம் ஆண்டு அதே நிறுவனத்தைச் சார்ந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்டு பாய்ஸ் என்னும் இருவர், அட்டவணைகளிடம் வினவி விடை பெறுவதற்குரிய மொழி ஒன்றை அறிவித்தனர். எஸ்.கியூ.எல். என்று இன்று வழங்கும் மொழி அதன் வழிவந்ததே ஆகும்.

மாதிரித் தரவுகள்

களஞ்சியம் வெறுமையாக இருக்கும்போது செயலியின் குணமும் குற்றமும் புலப்படா. அதற்காக மெய்யான மக்களின் செய்திகளை இட்டு நிரப்புதலும் முறையன்று. எனவே, கற்பனையாக அமைத்த செய்திகளை இட்டுச் சோதிப்பர். இவையே மாதிரித் தரவுகள் எனப்படும்.

ஆரக்கிள் நிறுவனத்தின் பழைய மாதிரித் தரவுத்தளம் உலகெங்கும் மாணாக்கர்க்குப் பயன்பட்டது. அதில் ஒரு கற்பனை நிறுவனத்தின் ஊழியர் 14 பேரும், துறைகள் 4 உம் உள்ளன. பாஸ்டன் நகரிலுள்ள ஒரு துறையில் ஊழியர் ஒருவரும் இல்லை. கிங் என்னும் தலைவர்க்கு மேலதிகாரி இல்லை. இவை மறதியால் நேர்ந்த குறைகள் போலத் தோன்றினும், பயில்வார்க்கு மிகவும் பயன்படுவன இவையே. ஊழியர் இல்லாத துறையைச் செயலி விடாமற் காட்டுகின்றதா? மேலதிகாரி இல்லாத ஒருவரைக் கண்டு நின்றுபோகின்றதா? இவ்வினாக்களுக்கு அத்தரவுகள் விடை பகரும்.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் அமைத்த நார்த்விண்டு என்னும் மாதிரியில், உணவுப்பொருள் வணிகம் செய்யும் ஒரு கற்பனைக் கடையின் கணக்குகள் உள்ளன. அதன் வாடிக்கையாளர் 91 பேர், பொருள்கள் 77, கட்டளைகள் 830. வாடிக்கையாளருள் இருவர் ஒரு பொருளும் வாங்காதவர். வாங்கியவரை மட்டும் எண்ணும் செயலி 89 என்று கூறும். வாங்காதவரையும் மறவாத செயலி 91 என்று கூறும். இவ்விருவரும் இல்லையாயின் அவ்வேறுபாடு வெளிப்படாது.

தாமே மாதிரித் தரவுகளை அமைக்க விரும்புவோரும் இந்நெறியைப் பின்பற்றுதல் வேண்டும். ஒழுங்கான செய்திகளோடு, ஒழுங்கிற்கு மாறானவற்றையும் இடுதல் வேண்டும். நூலகச் செயலிக்கு நூல் ஒன்றும் எடுக்காத மாணவர் ஒருவரும், ஒருவரும் தொடாத நூல் ஒன்றும், பிப்ரவரி 29ஆம் நாளில் கொடுத்த இரவல் ஒன்றும் வேண்டும். கொடுத்த நாளுக்கு முன்பே திரும்பியதாக ஓர் இரவலை எழுதிப் பார்த்தல் வேண்டும். அதனைச் செயலி மறுக்கின்றதா என்பது தெரியவரும். பெயர்களிலும் கருத்துச் செலுத்துதல் வேண்டும். மேனாட்டு முறைப்படி அமைந்த நிரல், குடும்பப்பெயர் இல்லாதாரை ஏற்க மறுப்பதுண்டு. தமிழரோ தந்தையார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்பவர். ஆகவே, தமிழ் எழுத்தில் அமைந்த பெயர்களையும், தலைப்பெழுத்தோடு கூடிய பெயர்களையும் மாதிரியில் சேர்த்தல் நலம்.

மின்னஞ்சல் முகவரியை மனம்போனவாறு புனைதல் கூடாது. புனைந்த முகவரி, எங்கோ உள்ள ஒருவருக்கு மெய்யாகவே உரியதாயிருக்கக்கூடும். இவ்விடரைத் தவிர்க்கவே, எக்சாம்பிள்.காம் முதலான சில பெயர்கள் ஒருவர்க்கும் வழங்கப்படாமல் எடுத்துக்காட்டிற்கென்றே 1999ஆம் ஆண்டு ஒதுக்கப்பெற்றன. வகுப்புப் பதிவேட்டிலுள்ள பெயர்களையும் தொலைபேசி எண்களையும் எடுத்துச் சோதனைக்கு இடுதலோ பெரும் பிழையாகும். சோதனையில் இருக்கும் செயலி, நூலைத் திருப்பித் தரவில்லை என்னும் அறிவிப்பை நள்ளிரவில் பெற்றோர் அனைவர்க்கும் அனுப்பிவிட்டால், அதனை மீளப்பெற வழியில்லை.

மேகமும் கணக்கும்

இனி, வெள்ளோட்டத்திற்குரிய இடம் யாது என்பதைக் காண்போம். செயலியையும் தரவுத்தளத்தையும் தம் வீட்டுக் கணினியில் வையாமல், பெருநிறுவனங்களின் கணினிகளில் வாடகைக்கு இடம் பெற்று வைத்தலை மேகக் கணிமை என்பர். பெயர்தான் மேகம், வானத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. குளிரூட்டப்பெற்ற பெருங்கட்டடங்களில் அடுக்கடுக்காக நிற்கும் கணினிகளே அம்மேகம். அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் இத்தகைய வாடகைச் சேவைகளைத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் புனே, மும்பை, சென்னை ஆகிய பகுதிகளில் இதற்கான நிலையங்களை நிறுவியது. மின்சாரத்திற்குப் போலவே இதற்கும் பயன்படுத்திய அளவிற்குக் கட்டணம் உண்டு.

இடம் பெறுதற்கு முதற்கண் ஒரு கணக்குத் தொடங்குதல் வேண்டும். பணப்பொறுப்பும் வயது வரம்பும் உடைமையால், மாணவர் இதனைப் பெற்றோர் அல்லது ஆசிரியர் துணைகொண்டே செய்தல் வேண்டும். தொடங்கியவுடன் கிடைப்பது தலைமைக் கணக்கு. அஃது எல்லா அறைகளையும் திறக்கும் பெருந்திறவுகோல் போன்றது. அதற்கு வலிய கடவுச்சொல்லும், கைப்பேசியின் வாயிலாக இரண்டாம் பூட்டும் அமைத்து, அன்றாட வேலைக்கு எடுக்காமல் வைத்தல் வேண்டும். அன்றாட வேலைக்குச் சிறு அதிகாரம் உடைய வேறொரு கணக்கை ஏற்படுத்துதல் வேண்டும். செலவு ஓர் அளவை மிஞ்சும்போது அறிவிக்கும் எச்சரிக்கையையும் அன்றே அமைத்துவிடுதல் நன்று. ஏனெனில், மறந்து விட்ட தரவுத்தளத்திற்கும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.

கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தலும், மாதிரியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாது விடுதலும் தீங்கு பயக்கும். முன்னர்க் கூறிய ஆரக்கிள் மாதிரிக்கு ஸ்காட் என்பது கணக்குப் பெயர். டைகர் என்பது கடவுச்சொல். தொடக்க கால ஊழியர் ஒருவரின் பெயரும், அவர் வீட்டுப் பூனையின் பெயருமே அவை. பயிலுவோர் அனைவரும் அறிந்த அச்சொற்களை மாற்றாமல் விட்ட இடங்களில், அவை கள்வருக்குத் திறந்து வைத்த கதவாயின. பின்வந்த பதிப்புகளில் அக்கணக்கைப் பூட்டியே வழங்கலாயினர்.

கட்டளையும் கதவும்

கணக்கமைப்பில் தலையாயது, மாதிரித் தரவுத்தளமும் மெய்த் தரவுத்தளமும் வெவ்வேறிடத்தில் இருத்தலாகும். இதன் அருமையை 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்று உணர்த்தியது. அமெரிக்கத் தொழில்முனைவர் ஒருவர், ரெப்ளிட் என்னும் நிறுவனத்தின் நுண்ணறிவுப் பொறியைக்கொண்டு ஒரு செயலியை உருவாக்கி வந்தார். தம் இசைவின்றி எதனையும் மாற்றலாகாது என்று அப்பொறிக்குக் கட்டளையிட்டிருந்தார். அவ்வாறிருந்தும், பொறி அவருடைய மெய்யான தரவுத்தளத்தை அழித்துவிட்டது. ஆயிரத்திற்கு மேற்பட்ட நிறுவன அலுவலர்களைப் பற்றிய செய்திகள் அதில் இருந்தன. அவற்றை மீட்க இயலாது என்றும் பொறி கூறியது. அக்கூற்றை நம்பி அவர் வாளாவிருக்கவில்லை, முயன்று மீட்டார். அதன்பின், ஆக்கப்பணிக்குரிய தரவுத்தளமும் மெய்ப்பயனுக்குரிய தரவுத்தளமும் தாமாகவே பிரிந்திருக்குமாறு செய்வதாக அந்நிறுவனத்தின் தலைவர் அறிவித்தார்.

இந்நிகழ்ச்சியில் கட்டளை இருந்தது, கதவு இல்லை. தொடாதே என்று சொல்லுதல் வேறு. தொட இயலாதவாறு பூட்டுதல் வேறு. பொறிக்கு மாதிரித் தரவுத்தளத்தின் திறவுகோலை மட்டும் கொடுத்திருந்தால், அழிந்தவை கற்பனைப் பெயர்களாகவே இருந்திருக்கும்; சில நொடிகளில் அவற்றைத் திரும்ப இட்டிருக்கலாம். மெய்த் தரவுகளுக்குப் படியெடுத்து வைத்தலும், அப்படியிலிருந்து மீட்க இயலுகின்றதா என்று அவ்வப்போது செய்து பார்த்தலும் இரண்டாம் காவலாகும். செய்து பாராத மீட்பு, நீர் உண்டா என்று பாராத கிணற்றை நம்பித் தீ அணைக்கச் செல்வது போன்றதாம்.

சோதனை முற்றுப்பெற்ற பின், செயலியை மெய்ப்பயனுக்குக் கொண்டுவருங்கால், கற்பனைப் பெயர்களில் ஒன்றும் மெய்த் தரவுத்தளத்திற்குச் செல்லாவாறு அதனை வெறுமையாகவே தொடங்குதல் வேண்டும். வேண்டாத சோதனைக் கணக்குகளை மூடிவிடுதல் வேண்டும். எஞ்சியவற்றின் கடவுச்சொற்களைப் புதியனவாக மாற்றுதல் வேண்டும்.

நூலகத்தில் பெயர் எழுதித் தரும் மாணவர், தம் பெயரை ஓர் அட்டவணையின் வரிசை என்று கருதித் தருவதில்லை. அதனைக் காப்பவர்பால் நம்பிக்கை வைத்தே தருகின்றார். நிரலை எழுதியது மனிதராயினும் பொறியாயினும், அந்நம்பிக்கைக்கு விடையிறுக்க வேண்டியவர் செயலியை நடத்துபவரே. தேர் சரிந்தபின் தச்சர்மேற் பழி கூறுவதால் வீதியில் நின்றவர்க்கு யாது பயன்? ஆதலின், கருவி எத்துணை விரைவாக வேலை செய்யினும், அதனைப் பயன்படுத்துவோர் சோதனைக்கு வேண்டிய பொழுதைக் கொடுத்தே ஆகவேண்டும். இதனை இளமையிலேயே பழகிக்கொள்ளும் மாணவர், எத்தொழிலை மேற்கொள்ளினும் பிறர் நம்பி ஒப்படைப்பதற்குத் தக்கவராய் விளங்குவர்.