பழைய மினிக்கு எந்த தெர்மோஸ்டாட்?
பிரிட்டனில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959-இல் வந்த மினி காரை இன்றும் ஆசையாக ஓட்டுகிறவர்கள் உண்டு. அதன் ஏ-சீரிஸ் இன்ஜினுக்கு 74, 82, 88 டிகிரி செல்சியஸ் தெர்மோஸ்டாட்கள் கிடைக்கின்றன. வால்வு எந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கும் என்பதைச் சொல்லும் எண் அது. பொருளின் மேலேயே பொறித்திருக்கும்.

அன்றாட ஓட்டத்துக்கு 82 போதும். கடுங்குளிரில் ஹீட்டர் நன்றாகச் சுட 88, கொளுத்தும் வெயிலுக்கு 74. ரேடியேட்டர் அடைத்துக் கிடந்தால் 74 போட்டும் புண்ணியமில்லை. வால்வு சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். முள் சிவப்புக்கு ஏறுவது நிற்காது.

தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது சில மெக்கானிக்குகளின் கைவைத்தியம். அப்படிச் செய்தால் இன்ஜின் சூடேறாமலே ஓடி பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். பந்தயக்காரர்கள்கூட அந்த இடத்தைச் சும்மா விடுவதில்லை. பிளாங்கிங் ஸ்லீவ் என்ற உலோக வளையத்தைப் பொருத்துகிறார்கள்.

புதியதை மாட்டுமுன் நூலில் கட்டி, தெர்மாமீட்டருடன் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், உள்ளிருக்கும் மெழுகு விரிந்து வால்வு மெல்லத் திறப்பது கண்ணுக்கே தெரியும். கேஸ்கெட்டும் புதிதாக இருக்கட்டும். மூடியின் ஸ்டட்கள் துருவேறி இறுகியிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது நல்லது.