மறுவாழ்வு மருத்துவர் இருவர்

ஆண்டுதோறும் நம் கல்லூரியிற் பரிசளிப்பு விழா நிகழுங்கால், பெயர் அழைக்கப்பெற்றோர் மேடையேறிப் பரிசில் பெறுவதையும், மன்றத்தார் கைகொட்டி மகிழ்வதையும் காண்கின்றோம். அஃது இனிய காட்சியே. எனினும், பட்டமும் பதக்கமும் ஒருவரிடத்து எதனை அளக்கின்றன என்று வினவுவோமாயின், விடை எளிதிற் கிடைப்பதன்று. நோயாலும் விபத்தாலும் உடல் ஊனமுற்றார்க்கு மீண்டும் வாழ்வளிக்கும் மறுவாழ்வு மருத்துவத் துறையிற் புகழெய்திய இருவரது வரலாறு, இவ்வினாவிற்கு ஒருவாறு விடை தருகின்றது. அவ்விருவர் டாக்டர் பால் பிராண்டும் டாக்டர் மேரி வர்கீஸும் ஆவர். இருவரும் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பணிபுரிந்தவர்கள்.

பிராண்டு 1914 ஆம் ஆண்டில், கொல்லிமலையில் ஊழியஞ் செய்துவந்த ஆங்கில மிஷனெரிப் பெற்றோர்க்கு மகனாகத் தோன்றினார். ஒன்பதாம் வயதிற் கல்வியின் பொருட்டு இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்டார். தந்தையார் 1929 இல் மலையிலேயே காய்ச்சலால் இறந்தார். மைந்தர் முதலிற் கற்றது மருத்துவமன்று. கட்டடத் தொழிலும் தச்சுவேலையுமே. அதன் பின்னரே இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946 இல் வேலூருக்கு வந்து சேர்ந்தார். வீணெனத் தோன்றிய அத்தொழிற்பயிற்சி பின்னர் எவ்வாறு பயன்பட்டதென்பதைக் காண்போம்.

அக்காலத்திற் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் காக்ரேன் என்னும் அறிஞர் பணியாற்றி வந்தார். அவர் அழைப்பிற்கிணங்கி அங்குச் சென்ற பிராண்டு, விரல்கள் உள்நோக்கி மடங்கிக் கிடந்த நோயாளர் பலரைக் கண்டார். அவருள் ஒருவருடைய கையைப் பற்றித் தம் கையை இயன்றவரை இறுக்குமாறு கேட்டார். பயனற்றதெனக் கருதப்பட்ட அக்கை, மருத்துவர் வலி பொறாது துடிக்குமளவிற்கு வலிமையோடு இறுக்கிற்று. மடங்கிய கை முற்றும் இறந்த கையன்று என்பதை அவர் அப்போது உணர்ந்தார். அவர்தம் ஆராய்ச்சிக்கு வித்திட்டது அந்நிகழ்ச்சியே எனலாம்.

தொழுநோய்க் கிருமி, முழங்கை முதலிய சில இடங்களில் நரம்புகளைத் தாக்குகின்றது. அதனால் உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையின் பெருந்தசைகளுட் பல வலிமை குன்றாதிருக்கின்றன. சமன்செய்யும் சிறு தசைகள் இல்லாமையால், பெருந்தசைகளின் இழுப்பில் விரல்கள் நகம்போல் வளைகின்றன. ஆகவே, நன்னிலையிலுள்ள ஒரு தசையின் நாணை எடுத்து, அதனைப் பகுத்து விரல்களிற் பொருத்தினால் அவை மீண்டும் நிமிரும் என்று பிராண்டு துணிந்தார். 1948 இல் வேலூரில் இத்தகைய அறுவைகள் தொடங்கின. அறுவையோடு வேலை முடிவதன்று. இடம் மாறிய தசைக்குப் புதுத்தொழில் பழக்குதல் வேண்டும். அதற்கு வாரக்கணக்கிற் பயிற்சியும், அதனினும் மிகுதியாகப் பொறுமையும் வேண்டும்.

இனி, விரல்கள் தேய்ந்து குறைவது எதனால்? நோயே தசையைத் தின்கின்றதென்று அந்நாளிற் பலரும் நம்பினர். பிராண்டு அதனை ஐயுற்று ஆராய்ந்தார். துருப்பிடித்த பூட்டைத் திறக்க முயன்ற ஒரு சிறுவன், எலும்பு தெரியுமளவு விரல் கிழிந்தும் அதனை அறியாமல் நின்ற நிகழ்ச்சியை அவர் எழுதியுள்ளார். இரவில் எலிகள் விரலைக் கடித்தபோதும் விழித்தெழாத நோயாளரும் உண்டு. உணர்விழந்த உறுப்பைக் காவாமல் வழங்குதலே பெருஞ்சிதைவிற்குக் காரணம் என்பது இவற்றால் விளங்கிற்று. வலி என்பது பகையன்று, உடலைக் காக்கும் காவலாள் என்னும் உண்மையை மருத்துவ உலகம் இவ்வாறு கற்றது. வெறுங்காலோடு நடப்போர்க்கு மென்மையான இரப்பர் அடியிட்ட செருப்புகளும் இவ்வாராய்ச்சியின் பயனாக அமைந்தன.

ஆயினும் ஓர் இடர் எஞ்சிநின்றது. கை நிமிர்ந்து ஊர் திரும்பிய இளைஞர் சிலர், வாட்டத்தோடு மீண்டும் வந்தனர். அவர்களை ஒருவரும் வேலைக்கு ஏற்கவில்லை. தங்க இடமுங் கொடுக்கவில்லை. பிச்சையெடுக்கவும் இயலவில்லை, நேரான கையைக் கண்டு எவரும் இரங்கினாரில்லை! அறுவை செம்மையாக நிறைவேறியும் வாழ்வு செம்மையுறாமை கண்டு பிராண்டு வருந்தினார். கையை நிமிர்த்துதல் மட்டும் போதாது. அக்கைக்குத் தொழில் வேண்டும் என்று தெளிந்தார். அத்தெளிவின் பயனாகக் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் எழுந்தது. இளமையிற் கற்ற தச்சுத்தொழிலை அவர் அங்கே நோயாளர்க்குக் கற்பித்தார். அவர்கள் மரப்பொம்மைகள் செய்து விற்றனர்.

பின்னர்ச் சிறப்புகள் தொடர்ந்து வந்தன. 1952 இல் இங்கிலாந்தின் இராயல் அறுவை மருத்துவர் கல்லூரி, ஹண்டர் பெயரால் அமைந்த பேராசிரியப் பொழிவினை நிகழ்த்தும் பெருமையை அவர்க்கு அளித்தது. 1960 இல் மறுவாழ்வுத் தொண்டிற்குரிய ஆல்பர்ட் லாஸ்கர் விருது கிடைத்தது. 1961 இல் பிரிட்டிஷ் அரசின் சி. பி. இ. பட்டம் பெற்றார். 1966 முதல் அமெரிக்காவில் கார்வில் என்னுமிடத்திலுள்ள தொழுநோய் நிலையத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். உணர்விழந்த காலைக் காக்க அவர் கண்ட நெறிகள் நீரிழிவு நோயாளர்க்கும் பயன்பட்டன. 2003 இல் மறைந்தார்.

மேரி வர்கீஸ் 1925 இல் கொச்சியிற் பிறந்து, வேலூரிலேயே மருத்துவம் பயின்றவர். 1954 இல், உடன்பணியாற்றுவோருடன் சென்ற வண்டி கவிழ்ந்து அவரது முதுகுத்தண்டு ஊறுபட்டது. இடுப்பிற்குக் கீழ் உணர்வும் அசைவும் அற்றன. இனி மருத்துவத் தொழில் தமக்கில்லை என்றே அவர் எண்ணியிருத்தல் கூடும். ஆனாற் பிராண்டு வேறு கருதினார். தொழுநோயாளர் கையிற் செய்யும் அறுவையை அமர்ந்தே செய்யலாமன்றோ? சக்கர நாற்காலியில் அமர்ந்து மேரி அம்மையார் அறுவைக்கூடம் புகுந்தார். நோயாளர் தம்மினும் மிக்க ஊனமுற்ற மருத்துவரைக் கண்டு வியந்தனர். தாமும் எழலாம் என்னும் நம்பிக்கை கொண்டனர்.

பின்பு ஆஸ்திரேலியாவிற் பெர்த் நகரில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று, பிறர் துணையின்றி இயங்கக் கற்றார். அதன்பின் நியூயார்க்கில் டாக்டர் ஹவர்ட் ரஸ்க் என்பாருடைய நிலையத்திற் பயின்று, வேலூர் மீண்டு மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966 இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பெற்றது. தண்டுவடம் முறிந்து கட்டிலிற் கிடந்தோர், தாமே எழுந்தமரவும் உடுக்கவும் ஒரு தொழில் செய்யவும் அங்குப் பழகினர். இந்திய அரசு 1972 இல் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 1986 இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பணி மறையவில்லை.

தமிழ் பயிலும் நமக்கு இங்கே ஒரு குறள் நினைவிற்கு வருகின்றது. ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறியில்லாமை யார்க்கும் பழியாகாது, முயற்சியில்லாமையே பழி என்னுங் கருத்தை வள்ளுவர் வைத்துள்ளார். பொறி என்பதற்கு விதி என்று பரிமேலழகர் உரை கண்டார். உடலுறுப்பு என்று பொருள் கொள்வாரும் உளர். எவ்வுரை சிறந்ததென்று வகுப்பறையில் வழக்கிடுதல் நமக்கு எளிது. மேரி அம்மையார் வாழ்விலோ இருபொருளும் ஒருங்கே பொருந்தி நிற்கின்றன. விதியும் உதவவில்லை; உறுப்பும் உதவவில்லை; முயற்சி ஒன்றே உதவிற்று.

ஆயின், பதக்கம் எதனை அளக்கின்றது? அறிவை அளக்கின்றது என்று கூறின் அது குறையுடைய விடையாம். அவ்வறிவு பிறந்த இடம் எது? செங்கற்பட்டில் தன் கையை நீட்டிய நோயாளரிடத்தும், முன்பு எவரும் அறியாத அறுவைக்கு இசைந்தவரிடத்தும், நேரான கையோடு திரும்பிவந்து தம் துயரை உரைத்தவரிடத்துமே அது பிறந்தது. அவர்களுள் ஒருவர் பெயரும் எப்பட்டயத்திலும் பொறிக்கப்படவில்லை. ஆராய்ச்சியாளர் பெற்ற ஒவ்வொரு சிறப்பிலும் அவர்க்கும் பங்குண்டு என்று நாம் கருதுகின்றோம்.

சூம்பின கையையுடைய ஒருவனை ஆண்டவர் சபை நடுவே எழுந்து நிற்கச் செய்தார் என்று சுவிசேஷத்திற் படிக்கின்றோம். கை நேரானது போலவே, நடுவில் நின்றதும் அவனுக்கு வாழ்வாயிற்று. இக்காலத்தில் தொழுநோயை மருந்து தீர்க்கின்றது. ஊனமுற்றாரை ஓரத்தில் நிறுத்தும் நம் வழக்கத்தைத் தீர்க்கும் மருந்து மருத்துவரிடம் இல்லை. அது நம்மிடமே உள்ளது. கைகொடுத்தல் என்பது நம் மொழியில் உதவுதலைக் குறிக்கும். பரிசு பெற மேடையேறும் நாம், படியேற இயலாதவர்க்கு அம்மேடையில் வழியுண்டா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக.