ஆற்றுப்படை காட்டும் நடைவழிகள்

பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்தல் என்பது வழிப்படுத்தல். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, 'நீயும் அவ்வள்ளலிடம் செல்க' எனக் கூறி வழியும் உரைத்தல் இதன் இலக்கணம். தொல்காப்பியப் புறத்திணையியலும் கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்னும் நால்வரைக் கொண்டு இத்துறையைச் சுட்டுகின்றது. வகுப்பறையில் இந்நூல்களைப் புரவலர் புகழாகவே படித்துப் பழகிவிட்டோம். புரவலனைச் சற்றே ஒதுக்கிவைத்து, அவனிடம் சென்று சேரும் வழியை மட்டும் ஈண்டு நோக்குவோம். நடந்தே நாடு கண்ட ஒரு சமுதாயத்தின் வழியறிவு இப்பாட்டுகளில் படிந்து கிடக்கின்றது.

கூத்தர் சென்ற மலைவழி

வழியை மிக நுட்பமாக விரித்துரைப்பது மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெற்ற இந்நூல் 583 அடிகளைக் கொண்டது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இயற்றியது. பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் என வழங்கும் ஊர் அதுவே என்பர்.

இப்புலவர் வழியின் இனிமையை மட்டும் கூறி அமையவில்லை. தினைப்புனங்களில் பன்றிகளுக்கு வைத்த கற்பொறிகள் உள்ளன, ஆதலின் பொழுது புலர்ந்தபின் நடக்க வேண்டும் என்கிறார். பாம்பு மறைந்துறையும் குழிகளைச் சொல்கிறார். புனங்காவலர் யானையை ஓட்டக் கவணில் எறியும் கற்கள் வழிச்செல்வோர் மீதும் விழக்கூடும். அப்போது மரங்களின் பின்னே மறைந்து செல்லுமாறு பணிக்கிறார். வழுக்கும் பாறை, மழைக்கு ஒதுங்கும் முழை, வீரர்க்கு நட்ட நடுகல், சேயாற்றின் கரை என ஒவ்வொன்றும் தன் இடத்தில் வருகின்றது. ஒரு முறையேனும் அவ்வழியில் நடந்தவனன்றி வேறு யார் இவற்றைச் சொல்ல இயலும்?

இவற்றுள் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது ஒரு சிறு குறிப்பு. பல வழிகள் வந்து கூடும் சந்தியில், எவ்வழியே செல்வது என்பது புதியவர்க்குத் தெரியாது. அவ்விடத்தைத் துடைத்துத் தெளிவாக்கி, செல்லும் வழியில் புல்லை முடிந்து அடையாளமாக இட்டுவைக்குமாறு புலவர் கூறுகிறார். இவ்வடையாளம் முடிபவர்க்குப் பயன்படுவதன்று. அவர் வழியை அறிந்து சென்றுவிடுவார். பின்னால் வருபவர் எவரோ, அவருக்கே அது பயன்படும். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை முழுவதற்கும் இப்புல்முடிச்சையே உருவகமாகக் கொள்ளலாம் என்பது நம் கருத்து.

பிரான்சு நாட்டில் ஒரு குறி

இதே செயலை இக்காலத்தில் பெருமுயற்சியாக மேற்கொண்ட நாடு பிரான்சு. 1947ஆம் ஆண்டு, நம் நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், அங்கே நெடுநடைப் பாதைகளுக்குக் குறியிடும் பணி தொடங்கியது. மேலே வெள்ளை, கீழே சிவப்பு என இரு பட்டைகள் மரத்திலும் பாறையிலும் வேலிக்கம்பத்திலும் தீட்டப்படும். அவ்விரு வண்ணமும் பெருக்கற்குறி போல் குறுக்கிட்டு நின்றால், 'இவ்வழி அன்று' எனப் பொருள். இக்குறிகளைத் தீட்டிப் புதுப்பித்து வருவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள்.

மேடும் பள்ளமுமாக அலையெனக் கிடக்கும் மேய்ச்சல் நிலங்கள், கல் அடுக்கிய வேலிகள், சிற்றூர்த் தேவாலயம், ஊர் நடுவே நீரூற்று, இரவு தங்க எளிய விடுதி என இப்பாதைகள் ஊர்தோறும் புகுந்து செல்கின்றன. லெ புய் என்னும் ஊரிலிருந்து எசுப்பானிய எல்லை நோக்கிச் செல்லும் பாதை, சந்தியாகோ திருத்தலத்திற்குச் செல்லும் பழைய யாத்திரை வழியை ஒட்டியது. கி.பி. 10ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே லெ புய் நகரின் ஆயர் கோதெசுகால்க் அத்தலத்திற்குச் சென்றுவந்தார். இசுக்காட்லாந்து எழுத்தாளர் இராபர்ட் லூயி சுடீவன்சன் 1878இல் செவேன் மலைநாட்டில் ஒரு கழுதையைத் துணையாகக் கொண்டு நடந்தார். அடுத்த ஆண்டே அந்நடையை நூலாக்கினார். இன்று அவ்வழியே அவர் பெயரால் வழங்குகின்றது. வழி நூலாகி, நூல் மீண்டும் வழியானது.

தொண்டைநாட்டு ஊர்கள்

பட்டாபிராம் அமைந்திருப்பது தொண்டைநாட்டில். அந்நாட்டின் வேந்தன் தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை நமக்கு இன்னும் நெருக்கமானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய இந்நூல் காஞ்சிக்குச் செல்லும் வழியைக் காட்டுகின்றது. உப்பு வணிகரின் வண்டிகள், மிளகுப் பொதி சுமந்த கழுதைகள், சுங்கம் கொள்ளும் காவல் வழிகள் ஆகியன முதலில் வருகின்றன. பின்னர் எயினர் குடிசை, ஆயர் பாடி, உழவர் ஊர், வலைஞர் குடியிருப்பு, அந்தணர் உறைவிடம், நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் எனக் காட்சி மாறிக்கொண்டே செல்கின்றது.

ஒவ்வோர் இடத்திலும் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் புலவர் மறவாமல் சொல்கிறார். ஆயரிடம் பாலும் தினைச்சோறும். உழவரிடம் வெண்சோறும் வீட்டில் வளர்த்த கோழியும். அந்தணரிடம் அரிசிச்சோறும் மாதுளங்காயை வெண்ணெயும் மிளகும் கறிவேப்பிலையும் கூட்டிச் சமைத்த கறியும் மாவடுவும். பசித்த பாணனுக்கு நிலப்பாகுபாடு இலைச்சோற்றில் விளங்குகின்றது! திணைக் கோட்பாட்டை மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய வாயில் வேறில்லை. வழிப்பறிக் கள்வர் இல்லாத நாடு என்றும், விரும்பிய இடத்தில் தங்கிச் செல்லலாம் என்றும் இளந்திரையன் ஆட்சியைப் புகழும்போது, நல்லாட்சியின் அளவுகோலாகவே நடைவழியைப் புலவர் கொள்கிறார்.

பிற்காலத்தும் இந்நாட்டின் வழிகள் இலக்கியத்தில் இடம்பெற்றன. திருவொற்றியூர் நீங்கியபோது கண்ணொளி இழந்த சுந்தரர், திருமுல்லைவாயில் சென்று, திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, திருவாலங்காடு வழியாகக் காஞ்சியை அடைந்து ஒரு கண் பெற்றதைப் பெரிய புராணம் கூறும். நிலப்படத்தில் இவ்வூர்களை இணைத்துக் கோடிட்டால் அது இன்றைய ஆவடி, பட்டாபிராம் வட்டாரத்தை ஒட்டியே செல்கின்றது. அவ்வழியிலிருந்த வெண்பாக்கத்தின் பழைய கோயில் இன்று தன் இடத்தில் இல்லை. 1944இல் கட்டிமுடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தினுள் அவ்விடம் அடங்கியது. கோயில் பின்னர்ப் பூண்டியில் எடுப்பிக்கப்பட்டது. பட்டாபிராமுக்கு அண்மையிலுள்ள திருநின்றவூரோ, மனத்திலேயே கோயில் கட்டிய பூசலாரைத் தேடிக் காஞ்சியிலிருந்து மன்னன் வந்த ஊர்.

வழியும் அறமும்

வழிப்போக்கர் நலம் பேணுதல் இசுலாமிய நெறியிலும் வழிபாட்டோடு இணைந்த கடமையாகும். சக்காத்துப் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் வழிப்போக்கரையும் திருக்குர்ஆன் சேர்த்துள்ளது. ஈமானின் கிளைகள் எழுபதுக்கும் மேற்பட்டவை என்று கூறிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுதலையும் அவற்றுள் ஒன்றாக அருளினார்கள். கி.பி. 622இல் மக்காவிலிருந்து மதீனாவுக்குச் சென்ற ஹிஜ்ரத்துப் பயணத்தில், அவர்களுக்கும் அபூபக்கர் (ரலி) அவர்களுக்கும் வழிகாட்டியாக அமர்ந்தவர் அப்துல்லாஹ் இப்னு உறைக்கித் என்பவர். அவர் அப்போது இசுலாத்தைத் தழுவாதவர். வழி நன்கு அறிந்தவர், நம்பத்தக்கவர் என்பதே அவரைத் தேர்ந்தமைக்குக் காரணம். பலரும் செல்லாத கடற்கரைப் புற வழியே அவர் அழைத்துச் சென்றார். மாணவர் பலகாலும் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இது.

தமிழகச் சிற்றூர்களிலும் இவ்வறத்தின் தடயங்கள் பல. தண்ணீர்ப்பந்தல், சத்திரம், சாலை மரம் ஆகியன பலரும் அறிந்தவை. சுமைதாங்கிக் கல்லை இக்கால இளைஞர் அறியார். இரு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பர். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறலாம். கருவுற்றிருந்தபோது இறந்த பெண்ணின் நினைவாக இதனை நாட்டும் வழக்கமும் உண்டு. இறக்கி வைக்க இயலாத சுமையோடு சென்றவளுக்கு இதனினும் பொருத்தமான நினைவுக்கல்லை யார் எண்ணியிருக்க முடியும்?

பட்டாபிராம் வட்டாரத்தில்

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை போடப்பட்ட இருப்புப்பாதை இவ்வட்டாரத்தின் ஊடே செல்கின்றது. சென்னை வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரியில் குறுக்கிடுகின்றது. அதன் முதற்பகுதி 2014இலும் அடுத்த பகுதி 2021இலும் திறக்கப்பட்டன. 2024இல் பட்டாபிராமில் 21 மாடிகளுடன் டைடல் பூங்கா எழுந்தது. இவை வேண்டாதவை என்று நாம் கூறவில்லை. ஆயினும் ஊர்தி செல்லும் வழி அகலுந்தோறும் கால் செல்லும் வழி அறுபடுகின்றது. சேக்காட்டிலிருந்தோ தண்டுரையிலிருந்தோ பக்கத்து ஊருக்கு ஏரிக்கரை மீதும் வரப்பின் மீதும் நடந்து செல்லலாம் என்பதை முதியோர் அறிவர். அவர்தம் பேரர் அறியார்.

நடப்பதற்கு இடமே இல்லை என்பதன்று. பருத்திப்பட்டு ஏரியைச் சீர்செய்து 2019இல் நடைபாதையோடு பூங்கா திறந்தனர்; காலையும் மாலையும் பலர் அங்கே நடக்கின்றனர். அது நன்று. எனினும் புறப்பட்ட இடத்திற்கே மீளும் நடை வேறு, ஓர் ஊரை மற்றோர் ஊரோடு இணைக்கும் நடை வேறு. முன்னது உடலுக்கு, பின்னது உறவுக்கும் ஆகும்.

பிரான்சில் 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஒவ்வொரு மாவட்டமும் நடைவழித் திட்டம் ஒன்றை வகுக்க வேண்டும் என்றது. அத்திட்டத்தில் இடம்பெற்ற ஊர்ப்பாதையை விற்க நேரின், நடை தொடர்வதற்கு மாற்றுப்பாதை தரப்பட வேண்டும். நம் நாட்டில் வருவாய்த்துறைப் புலப்படங்களில் வண்டிப்பாதையும் நடைபாதையும் குறிக்கப்பட்டுள்ளன. புறம்போக்கு என்னும் பெயரில் அவை பொதுவுடைமையாகவே நிற்கின்றன. ஆவணத்தில் வழி இருக்கின்றது. நடப்போர் இன்மையால் நிலத்தில் மறைகின்றது. நடக்கப்படாத வழியை அடைத்துக்கொள்வது எளிது.

ஆதலின் தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளத்தக்க களப்பணி ஒன்றைக் கூறுவோம். நால்வர் ஐவராகப் பிரிந்து, ஊர்தோறும் அறுபது வயது கடந்த ஒருவரையேனும் உடன் அழைத்துக்கொண்டு, அவர் இளமையில் நடந்த வழியில் நடக்க வேண்டும். மேடு, மதகு, கிணறு, மரம், சுமைதாங்கி, தர்கா, கோயில் ஆகியவற்றுக்கு அவர் வழங்கும் பெயர்களை அவர் வாய்மொழியாகவே எழுதிக்கொள்ள வேண்டும். வழி எங்கே அடைபட்டுள்ளது என்பதையும் குறிக்க வேண்டும். பின்னர்ப் புலப்படத்தோடு ஒப்பிட வேண்டும். முதியவரால் நடக்க இயலாதெனில், அவர் திண்ணையில் இருந்தவாறே வழிசொல்லக் கேட்டு எழுதலாம். பாணனுக்கு வழி சொன்னவனும் நின்ற இடத்திலிருந்தே சொன்னான். இப்பணியை ஆவணி, புரட்டாசித் திங்களுக்குள் முடித்துக்கொள்ளுதல் நலம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் ஏரிக்கரையும் வரப்பும் சேறாகிவிடும்; முதியோரை அழைத்துச் செல்ல இயலாது.