‘விரைவில்’ என்பது எந்த நாள்?

நுழையும் முன்

கடையில் பொருள் வாங்கினால் அப்போதே பணம் கொடுத்துவிடுகிறோம். ஆனால், படம் வரைவோர், மொழிபெயர்ப்போர், சீருடை தைத்துத் தரும் சிறு நிறுவனத்தார் ஆகியோர் முதலில் உழைக்கின்றனர். பணம் பின்னரே வருகிறது. அந்த இடைவெளி எத்தனை நாள் என்பதை யார் முடிவு செய்வது? இப்பாடத்தைப் படித்து அறிவோம்.

பாடம்

தில்லியில் தனித்துத் தொழில் செய்யும் ஓர் ஓவியரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஒரு பதிப்பகம் சிறுவர் கதை நூலுக்கு 12 படங்கள் கேட்கிறது. படம் ஒன்றுக்கு 2,000 ரூபாய் வீதம் மொத்தம் 24,000 ரூபாய் எனத் தொலைபேசியிலேயே பேசி முடிக்கின்றனர். தாளும் வண்ணமும் வாங்க, ஓவியர் தம் கையிலிருந்து 3,500 ரூபாய் செலவிடுகிறார். சொன்ன நாளில் படங்களை ஒப்படைத்து, விலைப்பட்டியலையும் அனுப்புகிறார். அதன் இறுதியில், ‘தொகையை விரைவில் செலுத்த வேண்டுகிறேன்’ என்று பணிவுடன் எழுதுகிறார்.

செய்த பணியையும் அதற்குரிய தொகையையும் குறித்து அனுப்பும் தாளே விலைப்பட்டியல். பேச்சுவழக்கில் அதனைப் ‘பில்’ என்கிறோம்.

இரண்டு மாதங்கள் கடந்தன, பணம் வரவில்லை. கேட்டபோது, “நூல் அச்சாகி வந்ததும் தருகிறோம்” என்றார் பதிப்பகக் கணக்கர். அவர் பொய் சொல்லவில்லை. ஓவியருக்கு ‘விரைவில்’ என்பது பத்து நாள். கணக்கருக்கோ அது நூல் அச்சாகும் நாள். வீட்டு வாடகைக்கு நாள் உண்டு. மின்கட்டணத்திற்கு நாள் உண்டு. ஓவியருக்கு வரவேண்டிய பணத்திற்கு மட்டும் நாள் இல்லை. நாள் குறிக்கப்படாததால், “காலம் தவறிவிட்டது” என்று அவரால் உறுதியாகச் சொல்லவும் இயலவில்லை.

‘எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?’ என்பது பழமொழி. ஆகவே, பணியைத் தொடங்கும் முன்பே பின்வருவனவற்றை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும்.

1. பணியின் அளவு: எத்தனை படங்கள், எத்தனை முறை திருத்தித் தரப்படும் என்பது.
2. தொகையும் முன்பணமும்: மொத்தம் எவ்வளவு, தொடங்கும்போது எவ்வளவு என்பது.
3. கெடுநாள்: ‘30 நாளுக்குள்’ என்று மட்டும் எழுதினால், எந்த நாளிலிருந்து என்ற ஐயம் எழும். ‘25.07.2025க்குள்’ என எழுதினால் ஐயத்திற்கு இடமில்லை.
4. செலுத்தும் முறை: வங்கிக் கணக்கு விவரம்.
5. காலம் கடந்தால் வட்டி எவ்வளவு என்பது.

இவற்றை இருவரும் முன்னரே ஏற்றிருத்தல் வேண்டும். பணி முடிந்தபின் விலைப்பட்டியலில் புதிதாகச் சேர்க்கும் நிபந்தனையை வாடிக்கையாளர் ஏற்க மறுக்கலாம்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இதன்படி, குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பொருளையோ சேவையையோ பெற்றவர், எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் செலுத்துதல் வேண்டும். அந்தக் காலம், பொருளையோ சேவையையோ ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மிகலாகாது. எழுத்தில் உடன்பாடு இல்லையெனில், 15 நாளே வரம்பு. காலம் தவறினால், இந்திய ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி தருதல் வேண்டும். தகராறு எழுந்தால், இதற்கென மாநிலங்களில் அமைக்கப்பட்டுள்ள மன்றத்தை அணுகலாம். இப்பயன்களைப் பெற, ‘உத்யம்’ இணையதளத்தில் கட்டணமின்றி முன்னதாகவே பதிவு செய்துகொள்ளுதல் நலம். தனியொருவராகச் சேவைத் தொழில் நடத்துவோரும் பதிவு செய்யலாம்.

எனினும், சட்டத்தை நாடுவது கடைசி வழி. நினைவூட்டல் கடிதமே முதல் வழி. “என் பணத்தை ஏன் தரவில்லை?” என்று எழுதினால் உறவு கெடும். “10.07.2025 நாளிட்ட விலைப்பட்டியலின் தொகை 24,000 ரூபாய். அதன் கெடுநாள் 25.07.2025 நேற்றுடன் முடிந்தது. எந்த நாளில் செலுத்துவீர்கள் எனத் தெரிவிக்க வேண்டுகிறேன்” என்று எழுதலாம். இதில் சினமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நாளைக் குறித்திருந்தமையால், அவர் நாளைச் சுட்டினாலே போதுமானது.

பணம் பற்றி முன்னரே பேசுவது நாகரிகமன்று எனச் சிலர் தயங்குவர். தெளிவாகப் பேசாமல் விட்டுப் பின்னர் மனம் கசப்பதைவிட, தொடக்கத்திலேயே நாளைக் குறிப்பது இருவருக்கும் மதிப்புத் தரும். பணம் பெறுபவர் தம் வாடகையைத் திட்டமிடுவார். தருபவரும் தம் செலவைத் திட்டமிடுவார்.

சொற்பொருள்

கெடுநாள் – ஒரு செயலை முடிப்பதற்கான கடைசி நாள்
முன்பணம் – பணி தொடங்கும் முன் தரப்படும் தொகையின் பகுதி
நிபந்தனை – கட்டுப்பாடு
கூட்டுவட்டி – வட்டியையும் முதலுடன் சேர்த்துக் கணக்கிடும் வட்டி

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. ஓவியருக்கும் கணக்கருக்கும் ‘விரைவில்’ என்ற சொல் எவ்வாறு வேறுபட்டது?
2. எழுத்தில் உடன்பாடு இல்லாதபோது சட்டம் தரும் கால வரம்பு யாது?
3. நிபந்தனைகளைப் பணிக்கு முன்பே ஏற்கச் செய்வது ஏன்?

ஆ. பிரித்து எழுதுக: கெடுநாள், முன்பணம், கூட்டுவட்டி.

இ. கீழ்க்காணும் விலைப்பட்டியலில் இல்லாதவற்றைச் சேர்த்துத் திருத்தி எழுதுக.
‘சீருடை 40 தைத்துக் கொடுத்தோம். தொகை 18,000 ரூபாய். வசதிப்படும்போது தரவும்.’

ஈ. கெடுநாள் கடந்து ஒரு வாரமான தொகையைக் கேட்டு, பணிவும் உறுதியும் விளங்க ஐந்து வரிகளில் நினைவூட்டல் கடிதம் வரைக.