எர்த்தைப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை முழுப் பொறுப்பாக உன் கையில் கொடுத்திருப்பதாக அறிந்து மகிழ்ந்தேன். ஹெட்லைட் மங்கலாக எரிகிறது, பழைய ஒயரிங்கை மொத்தமாக உருவிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. 1960களில் சென்னையில் உருவான வண்டி அது. உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் அரை நூற்றாண்டாகத் தின்றது பெரும்பாலும் ஒயரின் முனைகளைத்தான்.

முதலில் மீட்டரை எடு. லைட்டை எரியவிட்டு, பேட்டரியின் எர்த் முனைக்கும் பல்ப் ஹோல்டரின் உடம்புக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று பார். மின்னோட்டம் இல்லாதபோது அளந்தால் கெட்ட இணைப்பும் நல்லதுபோலவே காட்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில் கோளாறு. அற்ப அளவு என்று எண்ணாதே. இப்படிச் சிறு இழப்புகள் சேர்ந்து பல்புக்குப் போகும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும்.

ஹெரால்டில் எர்த்மேல்தான் என் முதல் சந்தேகம். தனித்தனிப் பகுதிகளாகச் சேஸியின்மேல் போல்ட் போட்டு முடுக்கிய பாடி அது. அந்தப் போல்ட்டுகளின் அடியில் துரு ஏறியிருக்கும். அதைவிட மோசம், புதுப் பெயின்ட் அடித்தவர்கள் எர்த் புள்ளிகளையும் சேர்த்து மூடியிருப்பார்கள். எவ்வளவு அழகான பெயின்ட்டானாலும் அந்த இடத்தில் சுரண்டத் தயங்காதே.

பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கு. எமரி பேப்பரால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய். ஒயரில் பச்சைக் களிம்பு உறைக்குள் ஏறியிருந்தால், செம்பு சிவப்பாகத் தெரியும் இடம்வரை வெட்டிவிடு. புல்லட் கனெக்டரின் உள்குழாய் தளர்ந்திருந்தால் புதிதாகவே மாற்று, விலை அதிகமில்லை. இறுக்கமாக மாட்டிய பிறகு, ஈரம் புகாதபடி மேலே வாசலின் பூசு. அதன் வேலை காற்றையும் நீரையும் தடுப்பது மட்டுமே. தளர்ந்த இணைப்பை அது சரிசெய்யாது. பேட்டரி முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, நன்றாக உலர்த்திய பின் பூசு.

வினிகர் வாடை அடிக்கும் சிலிகானை மட்டும் இணைப்புகளின் பக்கம் கொண்டுபோகாதே. அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். சாலிடருக்கும் ரோசின் ஃபிளக்ஸ்தான். அமில ஃபிளக்ஸ் கூடாது.

வேலை முடிந்ததும் ஒவ்வோர் இணைப்பின் வோல்ட் அளவையும் நோட்டில் எழுதி வை. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே இடங்களில் அளந்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்