ஓடுவதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

உன் கடிதமும் உங்கள் கூடைப்பந்து ஆட்டத்தின் வீடியோவும் கிடைத்தன. பிள்ளைகள் எல்லாரும் நன்றாக ஓடக்கூடியவர்கள், ஆனாலும் எதிரணி திரும்புவதற்குள் ஓடி அடிக்கிற ஃபாஸ்ட் பிரேக்கில் கூடை விழுவதே இல்லை, இன்னும் கொஞ்சம் ஓட்டப் பயிற்சி கொடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். குறை அவர்கள் காலில் இல்லை.

எதிரணியின் ஷாட் வளையத்தில் பட்டுத் திரும்புகிற இடத்தில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார். உங்கள் சென்டர் துள்ளி ரீபவுண்டை எடுக்கிறாள். தரையில் கால் பட்டதுமே பந்தை இடுப்புக்கு இறக்கி, இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் தலையைத் தூக்குகிறாள். அதற்குள் பாயிண்ட் கார்டு அவள் பக்கத்திலேயே வந்து, போக வேண்டிய வளையத்துக்கு முதுகைக் காட்டியபடி கையை நீட்டி நிற்கிறாள். பந்து வந்த பிறகு அவள் திரும்ப வேண்டும், நிமிர்ந்து பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் எதிரணியில் மூன்று பேர் பின்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். முன்னால் ஓடிய இரண்டு பெண்களும் மூலையில் நின்று பந்துக்காகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். 28 மீட்டர் நீளமுள்ள கோர்ட்டில் முதல் 3 மீட்டரிலேயே ஆட்டம் மெதுவாகிவிட்டது.

இந்தக் குறை பள்ளி அணிகளுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு 1950இல் ரெட் அவர்பாக் பயிற்சியாளராக வந்தார். அதே ஆண்டு பாப் கூஸியும் வந்து சேர்ந்தார். பந்தை வேகமாகக் கொண்டுபோவதில் அந்தக் காலத்தில் கூஸிக்கு நிகராக ஆள் கிடையாது. அணி புள்ளிகளைக் குவித்தது, பார்க்க வந்த கூட்டம் கொண்டாடியது, ஆனால் பட்டம் மட்டும் வரவில்லை. மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்ற கையோடு 1956 டிசம்பரில் பில் ரஸல் அணியில் சேர்ந்தார். அந்தப் பருவத்திலேயே, 1957இல், முதல் பட்டம் வந்தது. அதிலிருந்து 1969 வரை, 13 பருவங்களில் 11 பட்டங்கள்.

ரஸல் பெரிய ஷூட்டர் அல்ல. அவர் வந்த பிறகு கூஸிக்குப் பந்து சீக்கிரமாகக் கிடைத்தது, அவ்வளவுதான். ரீபவுண்டை எடுத்த உடனே விட்டுவிடுவார். எதிரணியின் ஷாட்டைத் தடுக்கும்போதுகூடக் கூட்டத்தைப் பார்த்து ஓங்கி அடிக்க மாட்டார், தன் ஆட்கள் பக்கமாகத் தட்டிவிடுவார். கோட்டுக்கு வெளியே போன பந்து எதிரணிக்கே திரும்பிவிடும். உள்ளே தட்டிய பந்து அடுத்த நொடியே எதிர் வளையத்தை நோக்கிக் கிளம்பும். உங்கள் சென்டருக்கு ரஸலின் பழைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டு. அவர் எத்தனை ஷாட்டைத் தடுத்தார் என்று எண்ண வேண்டாம், தடுத்த பந்து யார் கைக்குப் போனது என்று மட்டும் பார்க்கச் சொல்.

அவளுக்கு இன்னும் நெருக்கமான பாடம் வெஸ் அன்செல்டிடம் இருக்கிறது. பால்டிமோர் புல்லட்ஸ் அணியின் சென்டர். சுமார் 2 மீட்டர் உயரம்தான், அந்த இடத்துக்கு அது குறைவு. ஆனாலும் 1968–69இல், தன் முதல் பருவத்திலேயே, சிறந்த புதுமுகம், சிறந்த ஆட்டக்காரர் என்ற இரண்டு விருதுகளையும் சேர்த்து வாங்கினார். என்.பி.ஏ.வில் வில்ட் சேம்பர்லைனைத் தவிர வேறு யாரும் அப்படி வாங்கியதில்லை. அன்செல்டின் ரீபவுண்டைக் கவனித்தால் ஒரு விஷயம் பிடிபடும். பந்தைப் பிடித்து அந்தரத்தில் இருக்கும்போதே உடம்பு பக்கவாட்டுக் கோட்டை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடும். பந்து தலைக்கு மேலே இரண்டு கைகளிலும் இருக்கும், கீழே இறங்கவே இறங்காது. தரையில் கால் ஊன்றும் நேரத்தில் பாஸ் கிளம்பியிருக்கும், சில சமயம் எதிர் வளையம் வரைக்கும்கூட. அவரோடு ஆடிய ஸ்டான் லவ் தன் மகனுக்கு நடுப்பெயராக வெஸ்லி என்று வைத்தார். அந்த மகன் கெவின் லவ், இன்று அவுட்லெட் பாஸ், அதாவது ரீபவுண்டிலிருந்து கிளம்பும் முதல் பாஸ், என்றாலே எல்லாருக்கும் நினைவு வருகிற ஆள்.

பந்தைக் கீழே இறக்காமல் இருக்க ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்க ஓட்டப் பயிற்சி எதற்கு? சுவரில் பந்தை எறிந்து, துள்ளிப் பிடித்து, திரும்பி, கோர்ட்டின் ஓரத்தில் நிற்கும் தோழிக்கு அனுப்பினால் போதும். அந்தத் தோழி நிற்கும் விதமும் முக்கியம். முதுகு பக்கக் கோட்டைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு கண்ணில் ரீபவுண்டர், மறு கண்ணில் முழுக் கோர்ட்டும் தெரியும். பந்துக்காகப் பாயிண்ட் கார்டு வளையத்தடிக்கு ஓடி வருவதை முதலில் நிறுத்து. அவள் எங்கே நிற்பாள் என்பது ரீபவுண்டருக்குப் பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும்.

இனி, ஓட்டப் பயிற்சி கேட்டு நீ ஆசைப்படுகிற ஓயாத வேகத்தைப் பற்றி. அதை எல்லையில் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தவர் பால் வெஸ்ட்ஹெட். லயோலா மேரிமவுண்ட் என்ற சின்னக் கல்லூரி 1989–90 பருவத்தில் அவருடைய பயிற்சியில் ஆட்டத்துக்குச் சராசரி 122.4 புள்ளி எடுத்தது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் அது சாதனை. முந்தைய ஆண்டு பட்டம் வென்ற மிச்சிகனை 149–115 என்று ஓட ஓட விரட்டினார்கள். அடுத்த பருவமே டென்வர் நக்கெட்ஸ் அவரை என்.பி.ஏ.வுக்கு அழைத்துக்கொண்டது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். வெளியூர் அணிகளுக்கு மூச்சு வாங்கும், நாம் ஓடியே ஜெயிக்கலாம் என்ற கணக்கும் இருந்தது.

அந்தப் பருவத்தில் டென்வர் சராசரி 119.9 புள்ளி எடுத்தது. லீகில் அதைவிட அதிகம் எடுத்த அணி இல்லை. ஆனால் கொடுத்தது 130.8. முதல் ஆட்டமே கோல்டன் ஸ்டேட்டிடம் 162–158 என்று தோல்வி. சில நாள் கழித்து ஃபீனிக்ஸ் சன்ஸ் முதல் பாதியில் மட்டும் 107 புள்ளி அடித்தது. பருவம் முடிந்தபோது 20 வெற்றி, 62 தோல்வி. எதிரணியின் பந்து கூடையில் விழுந்துகொண்டே இருந்தால் நீ எதை எடுத்துக்கொண்டு ஓடுவாய்? வலையிலிருந்து பந்தை எடுத்து, கோட்டுக்கு வெளியே போய், உள்ளே போட வேண்டும். அதற்குள் எதிரணி நிதானமாகத் தன் இடத்துக்குப் போய்விடும். தவறிய ஷாட்டும் பறித்த பந்தும்தான் ஃபாஸ்ட் பிரேக்குக்குக் கச்சாப் பொருள், அவை தடுப்பாட்டத்திலிருந்துதான் கிடைக்கும். வெஸ்ட்ஹெட்டின் முறையே பொய் என்று முடிவு கட்டிவிடாதே. அதே மனிதர் 2007இல் ஃபீனிக்ஸ் மெர்க்குரி பெண்கள் அணிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அந்த அணியில் டயானா டொராஸி இருந்தார், கேப்பி பாண்டெக்ஸ்டர் இருந்தார். உன்னிடம் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

அதனால் எதிராளியை முதுகால் மறித்து பாக்ஸ் அவுட் செய்யாமல் யாரும் முன்னால் ஓடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல். உன் அணியில் ஷாட் கிளம்பியதுமே இரண்டு பேர் நழுவிவிடுகிறார்கள். மீதி மூன்று பேர் ஐந்து பேரோடு ரீபவுண்டுக்கு மல்லுக்கட்டுகிறார்கள். வீடியோவில் எதிரணிக்கு இரண்டாவது ஷாட் கிடைத்த இடங்களில் பாதி அப்படி வந்தவை.

பந்து கைக்கு வந்த பிறகு நடக்க வேண்டியது எளிது, ஆனால் பிள்ளைகள் அங்கேயும் அவசரப்படுகிறார்கள். ஓரங்களில் ஓடுகிறவர்கள் பக்கக் கோட்டை ஒட்டியே ஓட வேண்டும். உங்கள் பெண்கள் பந்தைப் பார்த்து நடுவுக்கு வந்துவிடுகிறார்கள், ஒரே தடுப்பாளி இரண்டு பேரையும் பார்த்துக்கொள்கிறாள். நடுவில் பந்தோடு வருகிறவள் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, தடுப்பாளி தன்னை நோக்கி ஓர் அடி வைக்கும்வரை பந்தை விடக் கூடாது. அந்த அடி வைக்கப்பட்ட பிறகுதான் பாஸ். மூன்றுக்கு இரண்டு என்று அமைந்தால், முதல் பாஸுக்கு வளையத்தடியில் நிற்கும் தடுப்பாளி வெளியே வருவாள். பந்து திரும்ப நடுவுக்கே வந்தால் வளையம் திறந்து கிடக்கும்.

திறக்காவிட்டால் நிறுத்தவும் தெரிய வேண்டும். மைக் டி'ஆன்டோனியின் ஃபீனிக்ஸ் சன்ஸ் ஒரே ஆண்டில் 29 வெற்றியிலிருந்து 62 வெற்றிக்கு ஏறியது, 2004–05இல். எல்லாரும் அவர்கள் வேகத்தைப் பேசினார்கள். உண்மையில் அங்கே எல்லாரும் லேஅப்புக்கு ஓடவில்லை. ஷூட்டர்கள் இரண்டு மூலைகளுக்கு ஓடினார்கள், ஆமரே ஸ்டவுடமயர் மட்டும் நேரே வளையத்துக்கு ஓடினார், ஸ்டீவ் நாஷ் டிரிபிளை விடாமல் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நேர்வழி அடைபட்டால் வளையத்தடியிலேயே டிரிபிள் செய்து, மறுபக்கம் வந்து, பின்னால் வரும் ஆளுக்குக் கொடுப்பார். உங்கள் பாயிண்ட் கார்டு மூன்று பேருக்கு நடுவில் எழும்பிக் குதித்துப் பந்தை இழக்கிறாளே, அவளுக்குப் பார்க்க வேண்டிய ஆட்டம் அது.

வருகிற வாரம் ஓட்டத்தை ஒதுக்கி வை. ஐந்துக்கு ஐந்து ஆடவிடு. ரீபவுண்ட் கையில் பட்டதிலிருந்து பந்து நடுக்கோட்டைத் தாண்டும்வரை எத்தனை விநாடி என்று ஒவ்வொரு தடவையும் நீயே குறித்துக்கொள். விதி 8 விநாடி தருகிறது, உனக்கு மூன்றுக்குமேல் ஆகக் கூடாது. எதிரணி கூடை போட்ட பிறகு ஆன விநாடிகளைத் தனியாக எழுது. அடுத்த ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாளை எனக்கு அனுப்பு, சென்டரின் முதல் பாஸ் தெரிகிற மாதிரி வளையத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த வீடியோவையும் சேர்த்து.

அன்புடன்,
பெரியப்பா